கம்பம் திராட்சையும் கடற்கரைக் குளிரும்

தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மலைப்பூண்டையும் வடநாட்டுப் பூண்டையும் யாரும் ஒரே குவியலில் கொட்ட மாட்டார்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் குளிரில் விளைந்து இறங்கும் பூண்டுக்குக் காரம் வேறு, மணம் வேறு, விலையும் வேறு. 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சந்தைக்காரர்கள் பெரிதாக வியக்கவில்லை. ஒரே பயிர் இடம் மாறினால் குணம் மாறும் என்பது அவர்கள் மூக்கு என்றோ அறிந்த விஷயம்.

அதே தேனி மாவட்டத்தின் மறு கோடியில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வந்தது. அதிலிருந்து ஒரு கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. ‘வருஷம் முழுக்கத் திராட்சை காய்க்கிற ஊர் இது. பிரான்ஸ், கலிபோர்னியா மாதிரி இங்கேயும் நல்ல ஒயின் ஏன் வரவில்லை?’ இதற்கு இரண்டு பதில்கள் தயாராக உலவுகின்றன. நமக்குக் குளிர் போதாது என்பது ஒன்று. அரசு விடுவதில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் பார்ப்பதுதான் இந்தத் தலையங்கத்தின் வேலை. குடிப்பது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் போகவில்லை. பேச்சு பயிரைப் பற்றியது.

முதலில், ‘குளிர்ந்த கடலோரம்’ என்று ஒயின்காரர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். கலிபோர்னியாவின் சோனோமா கடற்கரை, கார்னரோஸ், மாண்டரே, சிலியின் காசாபிளாங்கா, தென்னாப்பிரிக்காவின் வாக்கர் விரிகுடா. இவை எல்லாம் நல்ல வெயில் அடிக்கும் நாடுகள். சோனோமாவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனால் கோடையில் நம்மூர்ச் சித்திரை வெயிலோடு போட்டி போடும் வெப்பம் இருக்கும். கரையோரத்தை மட்டும் குளிர வைப்பது பக்கத்துக் கடல். கலிபோர்னியாவை ஒட்டி வடக்கிலிருந்து ஒரு குளிர்நீரோட்டம் வருகிறது. சிலியை ஒட்டி ஹம்போல்ட் நீரோட்டம், தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி பெங்குவேலா. ஆழத்திலிருந்து சில்லென்ற தண்ணீர் மேலே புரண்டு வருவதால் அந்தக் கடலில் கோடையிலும் நெடுநேரம் குளிக்க முடியாது.

பகலில் உள்நாட்டு நிலம் சூடேறிக் காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று மலை இடைவெளிகள் வழியாக உள்ளே பாயும். இரவில் பனிமூட்டம் படியும். மறுநாள் முற்பகலில் கலையும். நடுப்பகலில் சில மணி நேரம் நல்ல வெயில், பிற்பகலில் மறுபடி காற்று. ஆண்டின் கோடை நாட்களில் பெரும்பாலானவை இப்படித்தான் கழியும். சோனோமாவில் பெட்டலூமா இடைவெளி என்ற மலைத்திறப்பு இந்தக் காற்றுக்கே பேர்போனது. 2017-இல் அது தனித் திராட்சைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. காற்று பலமாக வீசும்போது இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். கொடி சர்க்கரை தயாரிப்பதைத் தற்காலிகமாக நிறுத்தும். பழுப்பது தாமதப்படும். அந்தத் தாமதத்தைத்தான் அங்குள்ளவர்கள் விரும்புகிறார்கள்.

கடலோரமாக இருந்தால் மட்டும் இது நடக்காது. நம் வங்கக் கடலின் மேல்தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி 28 டிகிரியை ஒட்டியே இருக்கும். சென்னையிலும் நாகையிலும் சாயங்காலக் கடற்காற்று வெக்கையைக் கொஞ்சம் தணிக்குமே தவிர, இரவை 12 டிகிரிக்குக் கொண்டுபோகாது. கூடவே ஈரப்பதத்தையும் அள்ளிக்கொண்டு வரும். எனவே ‘கடற்காற்று பட்டால் ஒயின் திராட்சை’ என்ற கணக்கு இங்கே செல்லாது. அந்தக் குளிர்ந்த கரைகளில் இன்னொரு வசதியும் உண்டு. கலிபோர்னியாவிலும் சிலியிலும் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை காய்ந்து கிடக்கும். கொடி இலையுதிர்த்துத் தூங்கும்போது மழை, பழம் தொங்கும்போது வறட்சி. பூஞ்சாணத்துக்கு அங்கே வாய்ப்பு குறைவு.

தாமதத்தால் பழத்துக்குள் நடப்பது என்ன? திராட்சையில் முக்கியமாக இரண்டு அமிலங்கள். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் ஒன்று, ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம் இன்னொன்று. டார்டாரிக் வெப்பத்தைத் தாங்கும். மாலிக் தாங்காது, வெப்பம் கூடக்கூடப் பழம் அதைத் தன் மூச்சுக்கே எரித்துக்கொள்ளும். இரவும் சூடாக இருந்தால் இருபத்து நாலு மணி நேரமும் இந்தச் செலவு நடக்கும். குளிர்ந்த இரவு அந்தச் செலவைக் குறைக்கும். அதனால் சர்க்கரை மெல்ல ஏறும்போதே புளிப்பும் தங்கும். தோலின் நிறமும் மணமும் முதிரக் காலம் கிடைக்கும். சூடான இடத்தில் சர்க்கரை வேகமாக ஏறும், புளிப்பு வேகமாக இறங்கும், நிறமும் மணமும் பின்தங்கிவிடும். சாப்பிடுகிற பழத்துக்கு இது பெரிய குறையில்லை. புளிப்பு குறைந்தால் சாப்பிடுகிறவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒயினுக்குப் புளிப்பு முதுகெலும்பு. அது இல்லாவிட்டால் சுவை சப்பென்று போகும், நாள்படத் தாங்காது.

இனி கம்பத்துக்கு வருவோம். கூடலூரிலிருந்து கம்பம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி வரை நீளும் இந்தப் பூமி கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மலை, நடுவே 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் தண்ணீர். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலை இடைவெளிகளில் புகுந்து இறங்கும். கூடலூர், கம்பம் பக்கம் சாரல் தூவும். மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதற்கும் இதே காற்றுதான் காரணம். மலைத்திறப்பு, அதன் வழியே குளிர்ந்த காற்று என்ற அளவில் பெட்டலூமாவுக்கும் நமக்கும் ஒற்றுமை இருக்கிறது. வேறுபாடு, அந்தக் காற்று அங்கே தினமும் வந்துபோகிறது, இங்கே பருவத்துக்கு வந்துபோகிறது. சாரல் மாதங்களில் கம்பத்தில் இதமாக இருக்கும். பங்குனி, சித்திரையில் பகலும் வெக்கை, இரவும் வெக்கை.

வெப்பத்தை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 1944-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த அமரீன், விங்க்ளர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு முறை வகுத்தார்கள். 10 டிகிரிக்குக் கீழே திராட்சைக்கொடி வளராது. ஒரு நாளின் சராசரி வெப்பத்தில் 10-ஐக் கழித்தால் வருவது அன்றைய வெப்பக்கூலி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 214 நாட்களின் கூலியையும் கூட்டினால் அந்த ஊரின் கணக்கு. சுமார் 1,390-க்குள் இருந்தால் முதல் வகுப்பு, அதாவது குளிர்ந்த பகுதி. 2,220-ஐத் தாண்டினால் ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் வகுப்பே கிடையாது.

கம்பத்தின் சராசரி வெப்பத்தை 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 17. அதே 214 நாட்களுக்கு 3,638. ஐந்தாம் வகுப்பின் வாசலையும் தாண்டி எங்கோ நிற்கிறோம். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். கம்பத்தில் கவாத்து செய்த நாளிலிருந்து பழம் வெட்டுவது வரை ஏறக்குறைய 120 நாள். 17-ஐ 120-ஆல் பெருக்கினால் 2,040. குளிர்ந்த கடலோரக் கொடி ஏழு மாதத்தில் சேர்க்கும் வெப்பத்தைப் போல ஒன்றரை மடங்கை நம் கொடி நாலே மாதத்தில் வாங்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு ஆண்டில் இரண்டு வெள்ளாமை, நெருக்கிப் போனால் இரண்டு ஆண்டில் ஐந்து வெள்ளாமை இங்கே எடுக்க முடிகிறது.

குளிர்நாட்டில் கொடி தானாகத் தூங்கும், தானாக விழிக்கும். பருவம் சொல்வதைக் கேட்டு விவசாயி கவாத்து செய்வார். கம்பத்தில் கொடி தூங்குவதே இல்லை. எப்போது வெட்டுகிறோமோ அப்போது துளிர்க்கும். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதத்தில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆவணி, புரட்டாசியில் பழம். ஒரு பந்தலில் பூ, வரப்புக்கு அந்தப் பக்கத்துப் பந்தலில் கருத்த குலை, அதற்கடுத்ததில் வெட்டிவிட்ட மொட்டைக் கொடி என்று மூன்று பருவத்தையும் ஒரே நாளில் இங்கே பார்க்கலாம். பன்னீருக்கு நாலு கண் விட்டு வெட்டுவது வழக்கம். நுனிக் கண் மட்டும் துளிர்த்து மற்றவை உறங்கிவிடக் கூடாது என்பதற்காக மருந்து தடவித் துளிர்ப்பைச் சமப்படுத்துவார்கள். குளிர்காலம் செய்ய வேண்டிய வேலையைக் கத்தரிக்கோலும் மருந்தும் செய்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் பழம் மாட்டாமல் தப்பிப்பதும் இந்தக் கவாத்துக் கணக்கில்தான் இருக்கிறது. கணக்கு தப்பி மழை பிடித்தால் மணி வெடிக்கும், அடிச்சாம்பல் நோய் ஏறும். அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை.

பந்தலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருங்கல் தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி இழுத்து, அதில் கொடி படர்த்தும் முறை நமக்கு மட்டும் சொந்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலை ஒட்டிய ரியாஸ் பைஷாஸ் என்ற பகுதியில் அல்பரீன்யோ என்ற வெள்ளைத் திராட்சை விளைகிறது. அங்கேயும் கருங்கல் தூண்தான், அங்கேயும் பந்தல்தான். கம்பத்து விவசாயி ஒருவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் குனிந்து உள்ளே நுழைந்து குலையைத் தூக்கிப் பார்ப்பார், அந்நியமாகத் தோன்றாது. காரணம்தான் வேறு. அந்த ஊரில் மழை கம்பத்தைவிட அதிகம். தரையின் ஈரம் குலையில் ஏறாமல் அடியில் காற்றோட வேண்டும் என்பதற்காக உயரத்தில் படர்த்துகிறார்கள். இங்கே இலைக்கூரை வெயிலைத் தடுத்து மணி வெந்துபோகாமல் காக்கிறது. ஒரு கொடியில் நிறையக் குலையையும் தாங்குகிறது. மழை பெய்தாலே ஒயின் திராட்சை வராது என்று சொல்கிறவர்களுக்கும் ரியாஸ் பைஷாஸ் பதில் சொல்கிறது. தடித்த தோல், காற்றோட்டம், குளிர்ந்த வெப்பநிலை மூன்றும் சேர்ந்தால் ஈரத்தைச் சமாளிக்கலாம்.

ஆனால் அதே ஊர் ஒரு கட்டுப்பாட்டையும் வைத்திருக்கிறது. அல்பரீன்யோவில் எக்டேருக்குச் சுமார் 12 டன்னுக்கு மேல் எடுத்தால் அந்த ஊர்ப் பெயரைப் பாட்டிலில் போட முடியாது. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு பன்னீர் திராட்சைக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் என்கிறது. கொடி சேர்க்கும் சர்க்கரை ஓரளவுக்குத்தான். அதைப் பங்கு போடும் குலைகள் கூடினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். சாப்பிடுகிற பழம் 16, 17 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) இனிப்பில் வெட்டுக்கு வந்துவிடும். அந்தச் சாற்றைப் புளிக்க வைத்தால் 9 சதவீதத்தை ஒட்டித்தான் ஆல்கஹால் வரும். ஒயினுக்கு வழக்கமாக 22 பிரிக்ஸை ஒட்டி எதிர்பார்க்கிறார்கள். பழத்தை இன்னும் மூன்று வாரம் கொடியிலேயே விட்டால் சர்க்கரை ஏறலாம். அதற்குள் புளிப்பு வடிந்துவிடும், அடுத்த கவாத்தும் தள்ளிப்போகும். மூன்று வாரத்துக்கான கூலியை யார் தருவது?

‘கம்பத்தில் சூடு என்றால் கொடைக்கானலில் போடலாமே’ என்பது அடுத்த கேள்வி. வடுகபட்டியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாலே தெரிகிற மலை அது. ஆயிரம் மீட்டர் ஏறினால் 6 டிகிரிக்கு மேல் குறையும். 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானல் குளிர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஆண்டு முழுக்க ஒரே சீரான குளிர். கொடி ஆழ்ந்து தூங்க அங்கே கடுங்குளிர்காலம் கிடையாது, பழம் பழுக்க நீண்ட வறண்ட கோடையும் கிடையாது. இரண்டு பருவமழையும் மூடுபனியும் சேர்ந்து பூஞ்சாணத்துக்குப் பந்தி வைக்கும். மண்ணுக்கடியில் விளையும் பூண்டுக்குப் பொருந்துகிற குளிர், கொடியில் தொங்கும் பழத்துக்குப் பொருந்தும் என்று நினைக்கக் கூடாது.

இந்தியாவில் இதைச் சமாளித்த ஊர் இல்லாமலில்லை. மகாராஷ்டிராவின் நாசிக் 20 டிகிரி வட அட்சத்தில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்வார்கள். ஆனால் பழம் ஒரு முறைதான். ஏப்ரல் வெட்டு கொடியைத் தேற்றுவதற்கு, மழை ஓய்ந்த பிறகு அக்டோபரை ஒட்டி வெட்டுவது பழத்துக்கு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் வெளுத்து, இரவில் 10 டிகிரி வரை இறங்கும் நாட்களில் பழம் முதிரும். குளிர்ந்த கடலோரம் கோடையில் தருகிற வறட்சியையும் குளிர் இரவையும் நாசிக்கின் குளிர்காலம் தருகிறது. 1999-இல் அங்கே தொடங்கிய சூலா நிறுவனம் இந்த மாதங்களை நம்பித்தான் ஒயின் ரகங்களை நட்டது. கம்பம் 10 டிகிரி அட்சத்தை ஒட்டி இருக்கிறது. இங்கே அந்த மாதங்களின் முதல் பாதியை வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்கிறது, இரவும் அவ்வளவு இறங்குவதில்லை.

பன்னீர் திராட்சையின் பூர்வீகத்திலும் ஒரு தெளிவு தேவை. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-இல் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்ற செய்தி குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் வந்தது. தாவரவியலில் இந்த ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். அது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றில், கருப்பு ஹாம்பர்க்கையும் அலெக்சாந்திரியா மஸ்கட்டையும் கலந்து பிறந்ததாகத் திராட்சை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். இரண்டு கணக்கும் முழுதாகப் பொருந்தவில்லை. பாதிரியார் கொண்டுவந்தது மஸ்கட் குடும்பத்தின் வேறொரு கொடியாகவும், இன்றைய பன்னீர் பின்னால் வந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும், அன்றைய இங்கிலாந்தின் குளிரில் அந்தப் பழத்தை வெளியில் பழுக்க வைக்க முடியவில்லை. கண்ணாடி வீடு கட்டி, கரி எரித்துச் சூடேற்றிப் பழுக்க வைத்தார்கள். பிரபுக்கள் காசு கொடுத்து உண்டாக்கிய வெப்பம் கம்பத்தில் சும்மா கிடைக்கிறது.

இதே மஸ்கட் ஹாம்பர்க்கை ஒயினாக்கிய இடமும் உண்டு. சீனாவின் தியான்ஜின் போஹாய் கடலோர நகரம். 1980-இல் ரெமி மார்ட்டின் என்ற பிரெஞ்சு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைனஸ்டி ஒயின் ஆலை, இந்தத் திராட்சையிலிருந்துதான் தன் முதல் வெள்ளை ஒயினை எடுத்தது. அங்கே குளிர்காலத்தில் கொடியை இறக்கி மண்ணில் புதைத்துக் காப்பாற்ற வேண்டும். ஆண்டுக்கு ஒரே வெள்ளாமை. பழம் பன்னீர்தான், ஆனால் அது வளர்கிற வேகம் வேறு. கலிபோர்னியாவில் இதைக் கொண்டு விருந்துக்குப் பின் குடிக்கும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள். எனவே ‘பன்னீரில் ஒயின் வராது’ என்பதும் தவறு. எந்த வகை ஒயின் என்பதில்தான் விஷயம். மணம் தூக்கலாக, இனிப்பு கொஞ்சம் தங்க, சீக்கிரம் குடித்து முடிக்கிற வகைக்கு இந்தப் பழம் பொருந்தும். நிலவறையில் பத்து வருடம் வைத்துக் குடிக்கிற சிவப்பு ஒயினுக்குப் பொருந்தாது.

‘அரசு விடுவதில்லை’ என்ற பதிலையும் ஒரு வார்த்தையில் முடிக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கிலேயே ஒயின் ஆலை உண்டு. அதன் சரக்கு டாஸ்மாக் கடைக்கும் போயிருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில் இருப்பதால், தோட்டத்துக்கு வந்து பார்த்து, சுவைத்து வாங்கிப்போகும் நாசிக் முறை இங்கே வளர இடமில்லை. தடை இருக்கிறது, உண்மை. ஆனால் நாளையே அது நீங்கினாலும் கம்பத்து இரவு குளிர்ந்துவிடாது.

அப்படியானால் கம்பத்தின் பலம் எது? வேகம். தோல் மேல் வெண்மாவு படிந்த கருத்த மணி, கடித்தால் இனிப்போடு மூக்கில் ஏறும் பன்னீர் மணம், உள்ளே விதை. அந்தப் பழம் ஆண்டின் எல்லா மாதமும் கேரளச் சந்தைக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போகிறது. உலகில் மிகச் சில இடங்களில்தான் இப்படி நடக்கும். புவிசார் குறியீடு காப்பாற்றுவதும் இதைத்தான். ஒயின் நாடாக முடியாமல் போன ஊர் என்று கம்பத்தைப் பார்ப்பது, பந்தயத்தில் ஓடாத ஆளைத் தோற்றவன் என்பதற்குச் சமம்.

இதனால் புதிய முயற்சியே வேண்டாம் என்று ஆகாது. யாராவது ஆலை வைக்கிறேன், ஒப்பந்தம் போடுகிறேன் என்று வந்தால் விவசாயி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த ரகம்? எந்தக் கவாத்துக்கு வரும் பழம்? ஏக்கருக்கு எத்தனை டன்னோடு நிறுத்தச் சொல்கிறீர்கள், நின்றுபோன டன்னுக்கு விலையில் என்ன ஈடு? ஜனவரியில் வெட்டி ஏப்ரலில் வரும் பழமும், ஜூனில் வெட்டிச் சாரல் காற்றில் முதிரும் பழமும் ஆலைக்கு ஒன்றல்ல. பின்னதில் நோய் பயம் அதிகம், முன்னதில் புளிப்பு குறைவு. இதைப் பேசாமல் போடும் ஒப்பந்தம் மிஞ்சிய பழத்தை மலிவாக அள்ளிக்கொள்ளும் ஏற்பாடாகத்தான் முடியும்.

ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. கூடலூர் முதல் ஓடைப்பட்டி வரை ஊர்வாரியாக இரவுக் குறைந்த வெப்பநிலையையும், ஒவ்வொரு கவாத்துப் பழத்தின் பிரிக்ஸையும் புளிப்பையும் மாதாமாதம் அளந்து, தமிழில் அச்சிட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் பலகையில் ஒட்டினால் போதும். எந்த ஊர்ப் பழம் சாறுக்கு, எது ஒயினுக்கு, எது நேராகச் சந்தைக்கு என்பது இரண்டு ஆண்டில் தெளிந்துவிடும். காசாபிளாங்காவில் 1982-இல் முதல் ஒயின் கொடியை நட்டபோது பலர் சிரித்தார்கள். நட்டவர் வெப்பநிலைப் பதிவைக் கையில் வைத்திருந்தார். கம்பத்துக்கு இன்று தேவைப்படுவதும் அப்படி ஒரு பதிவேடு. அதை இந்த ஆண்டுக் கவாத்திலிருந்தே தொடங்கலாம்.